மாப்பிள்ளை கையில் கட்டிய வாட்சு

ஸ்டானிஸ்லாஸுக்குக் குடியில்லை, சீட்டில்லை. அவன் ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் ஒரு சுவிஸ் வாட்சு. ஜெலாப்பாங் தொழிற்சாலையில் என் பக்கத்து மெஷினில் நிற்பவன். வேலைக்கு அதைக் கட்டி வரமாட்டான், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும்தான். "சாமி பார்க்கப் போறியா, மணி பார்க்கப் போறியா?" என்று நான் அவனைப் படுத்தாத பாடில்லை.

பணக்காரன் கட்டும் சாமான் இல்லை அது. நம்மைப் போன்றவனும் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கலாம். மெலிசான உடம்பு, வெள்ளை முகம், கறுப்புத் தோல் வார். பேட்டரி கிடையாது, தினமும் பக்கத்துத் திருகைச் சுற்றிச் சாவி கொடுக்க வேண்டும். பின்பக்கம் கண்ணாடி. உள்ளே ஒரு சின்னச் சக்கரம் விடாமல் ஆடிக்கொண்டிருக்கும். அதை மணிக்கணக்காகப் பார்ப்பான், பைத்தியக்காரன். ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு மணிக்கு எழுந்தவன், முதலாளி தோட்டத்தை விற்றதும் ஆலைச் சங்குக்கு ஓடியவன். "இது ஒண்ணுதான் மச்சான் நம்ம சொன்னா ஓடுது" என்பான். சிலிபினில் இருக்கும் அவன் வீட்டில், தாயில்லாத மகள் வலேரிதான் சின்ன வயதிலிருந்தே அதற்குச் சாவி கொடுப்பாள். அவனே திருகைத் தொட்டாலும் சண்டைக்கு வருவாள்.

வலேரியைப் பாகான் செராயில் ராட்னிக்குக் கட்டிக் கொடுத்தான். மாப்பிள்ளைக்கு மோதிரமும் வாட்சும் போடுவது எங்கள் பெண் வீட்டு முறை. புதுசாக ஒன்று வாங்கேன் என்றேன். கேட்டால்தானே! தன் வாட்சுக்கு வார் மாற்றி, அதையே மாப்பிள்ளை கையில் கட்டினான். சாவி கொடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகள்தான் கூடப் போகிறாளே என்று விட்டுவிட்டான்.

அதற்குப் பிறகு வலேரி ஊர்ப்பக்கம் வரவே இல்லை. போனில் "நல்லா இருக்கேன்பா" என்பதற்கு மேல் பேச்சு வராது. அவனுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு ஞாயிறு என் காரில் கிளம்பினோம்.

ராட்னி மரியாதையாகத்தான் உட்கார வைத்தான். பிறகு அலமாரியிலிருந்து வாட்சை எடுத்து வந்து முன்னால் வைத்தான்.

"மாமா, இது கல்யாணத்துக்கு மறுநாளே நின்னுருச்சு. பொண்ணு வீட்டுல ரோசாக் ஆயி ஓடாத வாட்சக் கட்டிட்டாங்கன்னு எங்க ஆளுங்க சிரிக்கிறாங்க லா."

"ரோசாக் இல்ல மாப்ள. இதுக்கு பேட்டரி இல்ல, தெனம் சாவி கொடுக்கணும். வலேரி சொல்லலியா?"

ராட்னி திரும்பி, காப்பித் தட்டோடு வந்த வலேரியைப் பார்த்தான். பார்த்தான், அவ்வளவுதான். அவள் தட்டை அவசரமாகக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கினாள்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாவி கொடுத்து வந்ததே அவள்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஸ்டானிஸ்லாஸ் என் தொடையை அழுத்திப் பிடித்தான்.

"ஆமா மாப்ள, அவளுக்குத் தெரியாது. நான் யாரையும் தொட விட்டதில்ல. தப்பு என்னுதுதான்."

கிளம்பும்போது, மகள் ரெண்டு நாள் சிலிபினில் வந்து இருக்கட்டுமே என்று கேட்டான். ராட்னி பதில் சொல்வதற்குள் அவளே முந்திக்கொண்டு, "நான் வரலப்பா" என்றாள்.

அவனைக் காரில் ஏற்றிக் கிளம்பினேன். வயல் தாண்டும்போது குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"என் புள்ள பயந்து நடுங்குறா மச்சான். நான் பார்த்துட்டு சும்மா எந்திரிச்சு வாரேன். காரத் திருப்பு."

திருப்பினேன். கேட் பூட்டியிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு "வலேரி, வலேரி" என்று கூப்பிட்டான். உள்ளே யாரோ டிவி சத்தத்தைக் கூட்டினார்கள்.