பச்சரிசி வந்த வீடு

ரெபேக்காளுக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். அங்கன்வாடியில் ஆயா வேலை. பிள்ளைகளை அதட்டி அதட்டியே அவள் தொண்டை பெரிதாகியிருந்தது. அவள் அம்மா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். மாதச் சம்பளத்தைக் கண்ணால் கண்டது இவள்தான் முதல். அதனாலோ என்னவோ, கொரோனாவின் இரண்டாவது அலையில் வயல்வேலை நின்றுபோனபோது அவளால் சும்மா இருக்க முடியவில்லை. கூடுவாஞ்சேரியில் இருக்கும் சர்ச்சுக்காரர்களைப் போனில் நச்சரித்து அரிசி வரவழைத்தாள். மதுராந்தகம் ஏரிக்குக் கீழே இருக்கும் கூலிக் குடும்பங்களுக்கும் குத்தகைக்காரர்களுக்கும் வாராவாரம் மொபெட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

வந்ததெல்லாம் பச்சரிசி. காலமெல்லாம் புழுங்கலரிசி தின்ற ஜனங்கள் முனகினார்கள்.

"யக்கா, இத்த துன்னா வவுறு உப்பிக்கினு கீது."

"உப்பறதுக்காவது உள்ள ஏதோ போவுதேன்னு சந்தோசப்படு" என்று வாயை அடைத்தாள் ரெபேக்காள்.

தெருவில் இரண்டு சாவு விழுந்த பிறகு அந்தப் பேச்சும் நின்றது. அப்போது ரெபேக்காளே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டாள். முகத்தை மூடிக்கொண்டு போவது. யாரையும் கூப்பிடாமல் வாசலில் பையை வைப்பது. திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவது. தன்னால் யாருக்கும் நோய் ஒட்டிவிடக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

அந்தக் குத்தகைக்காரர்களில் ஒருவன் ராஜாராம். தர்பூசணி போட்டிருந்தான். லாரி வரவில்லை, பழம் கொடியிலேயே கிடந்தது. அந்தக் கவலையோடு காய்ச்சலும் சேர, செங்கல்பட்டுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனவன் உயிரோடு திரும்பவில்லை. உடம்பும் திரும்பவில்லை, அங்கேயே எரித்துவிட்டதாகப் போன் வந்தது. அவன் மனைவி லோகநாயகி வயலுக்கு நடுவே இருந்த வீட்டில் தனியாள் ஆனாள். துக்கம் கேட்கக்கூட யாரும் போகவில்லை, பயம். ரெபேக்காள் அவள் வாசலிலும் பை வைத்தாள். மறுவாரம் போனால் பை இருக்காது. எடுத்துக்கொள்கிறாள், சாப்பிடுகிறாள் என்று நிம்மதியாக இருந்தாள்.

ஒரு நாள் உச்சி வெயிலில் பையை வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் ஏதோ உறுத்தியது. கஞ்சி வடித்துக் கொட்டுகிற இடம் காய்ந்து வெடித்துக் கிடந்தது. கூரையில் புகை வந்த அடையாளமே இல்லை. இத்தனை வாரமும் அந்த வீட்டில் உலை ஏறவில்லை என்றால் அரிசி எங்கே போகிறது? லோகநாயகி எதைத் தின்கிறாள்?

பின்னால் 'டப்' என்று சத்தம். தூக்கிவாரிப் போட்டது. வெயில் தாங்காமல் ஒரு தர்பூசணி வெடித்திருந்தது. சிவப்புச் சதை மண்ணில் வழிய, ஈ மொய்த்தது. வயல் முழுக்கப் புளித்த வாடை. தூரத்தில் இன்னொன்று வெடித்தது.

ரெபேக்காள் கதவைத் தள்ளினாள். உள்ளே தரையில் யாரோ படுத்திருந்தார்கள். தலை தெற்கே. தலைமுதல் கால்வரை வெள்ளை வேட்டி. தலைமாட்டில் விளக்கு எரிந்தது. பக்கத்தில் லோகநாயகி, கன்னம் ஒட்டிப்போய், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எரித்துவிட்டதாகச் சொன்ன ஆளா? ரெபேக்காள் ஓடிவிடத்தான் நினைத்தாள். ஆனால் இன்றைக்கு ஓடினால் அடுத்த வாரம் லோகநாயகியும் இருக்க மாட்டாள் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

"ம்மே லோகநாயகி! இன்னாமே இது?"

லோகநாயகி மெல்ல நிமிர்ந்தாள். "நீ பேசுவியா? மூஞ்சியே இல்லாம வந்து, அரிசிய வெச்சுட்டு திரும்பாம போவியே... அது நீயா யக்கா?"

கையை நீட்டி வேட்டியை விலக்கினாள். உள்ளே அரிசிப் பைகள். ஒன்றையும் பிரிக்காமல், ஒரு ஆளின் நீளத்துக்கு அடுக்கியிருந்தாள்.

"அவரு வாய்க்கு ஒரு பிடி அரிசி போட வுடலக்கா. அப்பால பாத்தா, வாரா வாரம் பச்சரிசி வந்துகினே கீது. கூப்புடாம வெக்கிற அரிசி உசுரோட கீறவங்களுக்கா? வாய்க்கரிசிதான் அவர தேடிக்கினு வருதுன்னு நெனச்சேன். அவரோடத நான் எப்டி துன்றது? வயல்ல வெடிச்சு கெடக்கறத துன்னுகினு கீறேன்."

பட்டினி கிடக்கக் கூடாது என்று கொண்டுவந்த அரிசியாலேயே ஒருத்தியைப் பட்டினி போட்டிருக்கிறாள் ரெபேக்காள். லோகநாயகிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"சரி. இப்ப போடு. வாய்க்கரிசி இப்ப போடுமே."

வேட்டியைத் திரும்ப மூடினார்கள். அன்று வந்த பையைப் பிரித்து, லோகநாயகி ஒரு பிடி அள்ளித் தலை இருக்கும் இடத்தில் போட்டாள். புருஷன் பேரைச் சொல்லி, தொண்டை கிழிய அழுதாள். பிறகு, "நீயும் போடுக்கா" என்றாள். கல்லறைக் குழியில் ஒரு பிடி மண் போட்டுத்தான் ரெபேக்காளுக்குப் பழக்கம். இருந்தாலும் போட்டாள். அரிசி விழுந்த இடத்தில் வேட்டி லேசாக உள்வாங்கி, குழிந்து, அப்படியே நின்றது. உள்ளே பை சரிந்திருக்கும். ரெபேக்காள் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறாள், ஆனால் சொல்லும்போது யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

லோகநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, பிரித்த பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"துன்னுட்டாரு" என்றாள். "யக்கா, அடுப்ப பத்த வையேன். எனக்கு பசிக்குது."