லோஷினி காத்திருந்த இடி

கூலாய் ஊரில் எல்லோரும் இடிக்குப் பயப்படுவார்கள். லோஷினி ஒருத்திதான் அது எப்போது வரும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

எண்ணெய் தரும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய பிளாஸ்டிக் தொழிற்சாலையின் கூரைமேல் சோலார் தகடுகள். அந்த மின்சாரத்தை ஊர் மின்கம்பிகளோடு இணைக்கும் இன்வெர்ட்டருக்குப் புரோகிராம் எழுதியவள் அவள். இடி விழுந்தால் மூன்று கம்பிகளில் ஒன்றில் மட்டும் வோல்டேஜ் சரியும். பழைய புரோகிராம் அதை ஈடுகட்டக் கரண்டைக் கன்னாபின்னாவென்று ஏற்றிவிட்டு, இன்வெர்ட்டரையும் நிறுத்திவிட்டுப் படுத்துக்கொள்ளும். அவள் எழுதிய புதியது அந்த ஒரு கம்பியின் கோணலைத் தனியே பிரித்தெடுக்கும். பவர் கொஞ்சம் ஆடினால் ஆடட்டும் என்று விட்டுவிட்டு, மூன்றிலும் கரண்டைச் சமமாக வைத்திருக்கும்.

மூன்று மாதமாக இன்வெர்ட்டர் ஒருமுறைகூடப் படுக்கவில்லை. லோஷினிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. திங்கட்கிழமை மேலாளர் கமலநாதன் முடிவு சொல்லவேண்டும்: இதுவே இருக்கட்டுமா, வெளிநாட்டு இன்வெர்ட்டர் வாங்குவதா என்று.

வெள்ளி மதியம் அவள் நேரில் பார்க்க வந்தாள். தலைக்கு மேல் வெயில், மேற்கே கறுப்பு. தூரத்தில் இடி உருண்டது. தொழிற்சாலையின் மின்சாரத்தைக் கவனிக்கும் சார்ஜ்மேன் ஐயாசாமி டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்துபோய் இன்வெர்ட்டரை அணைத்தார்.

"என்னண்ணே பண்றீங்க?"

"இடி கேட்டா எப்பவும் ஆஃப் பண்ணிடுவேன்லா. வீட்ல டிவியையும் அப்படித்தான். உன் மெஷின நல்லா பாத்துக்கறேன்மா."

இடி நேரத்தில் பவர் இறங்கியதை எல்லாம் மேகம் மறைத்ததால் என்றல்லவா லோஷினி நினைத்திருந்தாள். அவளுடைய புரோகிராம் இன்னும் ஒரு இடியைக்கூடப் பார்த்ததில்லை.

"போடுங்கண்ணே. படுத்தா படுக்கட்டும்."

"கமலநாதன் கேட்டா?"

"நான் சொல்லிக்கறேன்."

இன்வெர்ட்டர் சற்று யோசித்துவிட்டு உறுமத் தொடங்கியது. லோஷினி நகத்தைக் கடித்துக்கொண்டு இன்வெர்ட்டரின் திரையையே பார்த்தாள். பளீரென்று மின்னல். கூரைவிளக்குகளில் ஒரு வரிசை மட்டும் மங்கியது. திரையில் ஒரு வோல்டேஜ் பாதிக்கு விழுந்தது. பவர் நடுங்கியது. கரண்ட் கோடுகள் மூன்றும் ஒரே உயரத்தில் ஓடிக்கொண்டிருந்தன.

விளக்குகள் பழையபடி எரிந்தன. உறுமல் நிற்கவில்லை. லோஷினி ஐயாசாமியின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"படுக்கலையேம்மா," என்றார் அவர், நம்பாதவர்போல.

மறுபடி இடி இடித்தது. பழக்கதோஷத்தில் ஐயாசாமியின் கை சுவிட்சை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. திரும்பி வந்து டீ கிளாஸை எடுத்துக்கொண்டது.