கிராதியில் நீட்டிய நாக்கு

போன ஞாயிற்றுக்கிழமை பூசையில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்க வரிசையில் நின்றபோதுதான் கவனித்தேன். எனக்கு முன்னால் போன இருபது முப்பது பேரில் ஒருவர்கூட நாக்கை நீட்டவில்லை. எல்லாரும் அப்பத்தைக் கையில்தான் வாங்கினார்கள். கொரோனாவுக்குப் பிறகு எங்கள் கோயிலில் இதுதான் வழக்கம், புதிதாகப் பார்க்க ஒன்றும் இல்லை. ஆனால் பின்னால் நின்ற யாரோ ஓர் அம்மாவின் சேலையிலிருந்து ஏலக்காய் வாசனை வந்தது. அவ்வளவுதான், நினைப்பில் நான் போடிக்குப் போய்விட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்த பிறகுதான் ஓடினேன். யாரிடமாவது சொல்லித் தொலைத்தால்தான் ஆறும் போலிருக்கிறது. நீங்கள் அகப்பட்டீர்கள்.

இருபது வருடத்துக்கு முன்னால் போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. பெரிதாக நினைத்துவிடாதீர்கள். முதலாளி சொல்லும் கடிதத்தை அடித்துக் கொடுப்பது, பிரிண்டர் மக்கர் செய்தால் அதன் தலையில் தட்டுவது. அடுத்த அறையில் காய் தரம் பிரிக்கும் பெண்களுக்கு மேற்பார்வை ரூத். என் வயதுக்காரி. நான் உத்தமபாளையம் தாண்டி ஓர் ஊர், பரம்பரை ஆர்.சி. அவள் புராட்டஸ்டண்ட். மதியம் டப்பாவைத் திறந்ததும் நான் ஒரு சிலுவை போட்டு முடித்துவிடுவேன். அவள் கண்ணை மூடி நீளமாக ஜெபிப்பாள். அதற்குள் அவள் டப்பாவிலிருந்து ஒரு மீன் துண்டு என் பக்கம் வந்துவிடும். எங்கள் இரண்டு சபைகளுக்கும் நடுவே இருந்த ஒரே தகராறு அதுதான்.

ரூத்துக்குக் கல்யாணம் ஆனது. நாலே மாதத்தில் திரும்பி வந்துவிட்டாள். ஏன் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வேலைக்கு வந்தாள், காயைப் பார்த்தாள், போனாள். சிரிப்பை மட்டும் அந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். அவர்கள் கோயிலில் அவள் இருந்த பெஞ்சில் மற்ற பெண்கள் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தார்களாம். அவர்கள் சபையில் மாதம் ஒருமுறைதான் திருவிருந்து, எங்கள் நன்மை மாதிரி. அந்த ஞாயிறு நெருங்கியபோது என் மேசைக்கு வந்து நின்றாள்.

"அங்கன தனியாப் போயி முழங்கால் போட முடியலடி. நீ பக்கத்துல வந்து சும்மா இரு, போதும்."

"நான் ஆர்.சி.டி. உங்க பாஸ்டர் ஐயரு திட்ட மாட்டாகளா?"

"ஐயரு ஒண்ணும் சொல்ல மாட்டாக. பாக்குறவுகதான் பேசுவாக."

வேறு சபை ஆராதனைக்கு நாங்கள் போகலாம், பாடலாம், ஜெபிக்கலாம். அவர்கள் திருவிருந்தை மட்டும் வாங்கக் கூடாது. ஞானோபதேச வகுப்பிலேயே படித்ததுதான். அதனால் என் திட்டம் தெளிவாக இருந்தது. முழங்கால் போடுவேன், கையைக் கட்டிக்கொள்வேன், தலையைக் குனிந்துகொள்வேன்.

வாசலில் நுழைந்ததுமே, எங்கள் கோயிலில் செய்வதுபோல, என் கை தானாகத் தீர்த்தத் தொட்டியைத் தேடிச் சுவரைத் தடவியது. தொட்டி இல்லை, புதுச் சுண்ணாம்புதான் இருந்தது. அந்த வெள்ளையோடு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போனேன். கண் போய் நிற்க ஒரு மாதா சுரூபம் இல்லை. பாட்டு முடிந்தது என்று நான் உட்கார்ந்தால் இன்னொரு சரணம் இருந்தது. ரூத் தன் பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினாள். அதில்கூட ஏலக்காய் வாசனை.

பீடத்துக்கு முன்னால் தடுப்பாக இடுப்பளவு மரக் கிராதி. அதில் கை வைத்து இருவரும் முழங்கால் போட்டோம். ஐயர் ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் ஒரு துண்டு அப்பம் வைத்துக்கொண்டே வந்தார். நான் திட்டப்படி கையைக் கட்டிக் கண்ணை மூடியிருந்தேன். ஆனால் முழங்காலில் இருக்கும்போது ஓர் அங்கியின் சரசரப்பு கிட்டே வந்தால் என் உடம்புக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும். சின்ன வயதில் முதல்முதலாகப் புதுநன்மை வாங்கிய நாளிலிருந்து பழகியது. வாயைத் திறந்து நாக்கை நீட்டிவிட்டேன்.

சரசரப்பு நின்றது. கண்ணைத் திறந்தால் ஐயர் என் நாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே இழுத்திருக்கலாம். தலையை ஆட்டியிருக்கலாம். நான் அப்படியே இருந்தேன். பாவம், அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, குழந்தைக்கு மருந்து கொடுப்பதுபோல அப்பத்தை நாக்கில் வைத்தார். அப்போது என் இடப்பக்கம் கிராதி குலுங்கியது. ரூத் அழுகிறாள் என்று நினைத்துத் திரும்பினேன். வாயைப் பொத்திக்கொண்டு, அடக்க முடியாமல், தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஊர் திரும்பிய பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்த சனிக்கிழமை எங்கள் ஊரில் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். பங்குச்சாமியிடம் எல்லாம் சொன்னேன்.

"அதுக்கு மனஸ்தாபப்படுறியாம்மா?" என்று கேட்டார். செய்த பாவத்துக்கு மனம் வருந்துவதைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம்.

"அவ சிரிச்சா சாமி."

"நான் அதக் கேக்கலையே."

நான் திரும்பவும் அதையேதான் சொன்னேன். "மனஸ்தாபம் வரட்டும். வந்ததும் வா" என்றார். குரலில் கோபமே இல்லை. வருத்தமில்லாதவளுக்கு அவர்தான் எப்படி மன்னிப்புக் கொடுப்பார்?

மனஸ்தாபம் வரவில்லை. மன்னிப்புக் கிடைக்காமல் நன்மை வாங்கக் கூடாது. வாராவாரம் ஊருக்குப் போவேன். எல்லாரும் நன்மை வாங்க எழுந்து போக, நான் மட்டும் பெஞ்சில் இருப்பேன். கல்யாணமாகாத பெண் அப்படி உட்கார்ந்திருந்தால் ஊர் என்ன நினைக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "யாருடி அவன்?" என்று அம்மா கேட்டேவிட்டாள். தங்கை கல்யாணம் நெருங்கியதும் அழுதாள். "நீ மட்டும் எந்திரிக்காம இருந்தா மாப்ள வீட்டுல என்ன நெனைப்பாக?" மறுபடி சாமியிடம் போனேன். "மனஸ்தாபப்படுறேன் சாமி" என்றேன். பொய்.

கல்யாணத்துக்கு ரூத் வந்திருந்தாள். சாமி என்னைத் திருப்பி அனுப்பிய கதை அவளுக்குத் தெரியும். நான் நன்மை வாங்கிவிட்டுத் திரும்புவதைப் பெஞ்சிலிருந்தே பார்த்தாள். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, இலையைப் பார்த்தபடி கேட்டாள்.

"என்கூட வந்தது தப்புன்னு சொல்லிட்டியாடி?"

"ஆமா" என்றேன். சும்மா சொன்னேன்டி என்று சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். சுற்றிலும் சொந்தக்காரர்கள். சாம்பார் வந்தது. அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு மதியம் கண்ணை மூடி ஜெபிக்கும்போது டப்பாவையும் மூடிவைத்தாள். அடுத்த சீசனுக்குள் கட்டப்பனைப் பக்கம் ஓர் எஸ்டேட் ஆபீசுக்கு மாறிப் போய்விட்டாள். என்னிடம் இருக்கும் நம்பர் இப்போது வேறு யாருடையதோ.

அந்தக் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். மரக் கிராதியையும் எடுத்துவிட்டு டைல்ஸ் போட்டுவிட்டார்களாம். எங்கள் கோயிலில் நாக்கு நீட்டுவதும் போய்விட்டது. அன்றைக்கே போயிருந்தால் நான் திட்டப்படி குனிந்து இருந்திருப்பேன், அவளும் சிரித்திருக்க மாட்டாள்.

கிராதியில் செய்ததற்கு இன்னும் எனக்கு மனஸ்தாபம் வரவில்லை. பந்தியில் சொன்ன அந்த "ஆமா"வுக்கு இருபது வருடமாக மனஸ்தாபம் இருக்கிறது. அதை எந்தச் சாமியிடம் போய்ச் சொல்வது? போன ஞாயிறு என் முறை வந்ததும் கையை நீட்டி வாங்கினேன். வாயில் போடும் முன் இடப்பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

"நகரு தாயி" என்றார் பின்னால் நின்ற அந்த ஏலக்காய் வாசனை அம்மா.