காதுக்கு ஒரு ஃபைல், நெஞ்சுக்கு ஒரு ஃபைல்

போன ஐப்பசியில் ஜாதவ்பூர் பஸ் நிறுத்தத்தில் ஒரு குழந்தையைப் பார்த்தேன். எனக்கு வியர்த்து ஊற்றுகிறது; அதற்கோ காது, கழுத்தெல்லாம் மூடிய கம்பளிக் குல்லா. காற்றில் துளி குளிர் கலந்தால் போதும், கொல்கத்தாவில் பிள்ளைகளின் தலை குல்லாவுக்குள் போய்விடும். சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் மல்லிகா ஞாபகம் வந்துவிட்டது.

மல்லிகா என் தங்கை. எழுபதுகளில் நாங்கள் கிடர்பூரில் துறைமுகக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அவள் சித்திரை வெயிலிலும் குல்லா போட்டவள். குல்லாவுக்கு அடியில் பஞ்சு, பஞ்சுக்கு அடியில் சீழ். நாங்கள் மாஷிமா என்று கூப்பிட்ட மாடிவீட்டு வங்காளி மாமி பூண்டு போட்டுக் காய்ச்சித் தந்த கடுகெண்ணெய் வாசனை எங்கே அடித்தாலும் எனக்கு அந்தச் சின்னக் காதுதான் நினைவுக்கு வரும்.

காது ஆறினால் நெஞ்சில் சளி கட்டும். நெஞ்சு தெளிந்தால் தொடையில் கட்டி வரும். மீன் கொடுக்காததுதான் காரணம் என்றார் மாஷிமா. அம்மாவுக்கு இந்த ஊர்த் தண்ணீர் மேல் சந்தேகம். காரணம் எனக்கு மட்டுமே தெரியும் என்று நான் நம்பினேன்: என் குச்சி ஐஸில் அவளுக்குப் பாதி கொடுத்திருந்தேன். ஒரு வருஷம் வாயே திறக்கவில்லை, அவ்வளவு பெரிய வீரன்!

அப்பா துறைமுக ஆபீசில் குமாஸ்தா. ஒரு விஷயத்தின் காகிதம் இன்னொரு விஷயத்தின் ஃபைலில் கலந்தால் அவருக்குச் சோறு இறங்காது. மல்லிகாவுக்கும் சிவப்பு நாடா கட்டி மூன்று ஃபைல் வைத்திருந்தார்: காது, நெஞ்சு, கட்டி. காது டாக்டரிடம் போனால் காது ஃபைல் மட்டும்தான் கூட வரும்.

"எல்லாத்தையும் கொண்டுபோனா டாக்டருக்குக் கொழப்பம்லா" என்பார்.

அவளுக்கு ஐந்து வயதானபோது ஒரே வருஷத்தில் இரண்டாவது முறையாக நிமோனியா வந்தது. விலா எலும்பை எண்ணிவிடலாம். "ஒண்ணாங் கிளாஸுக்காவது போவாளா?" என்று அம்மா அடுப்படியில் நின்று அழுதாள்.

யாரோ சொல்லி, ஜாதவ்பூரில் ஒரு பெண் டாக்டரிடம் போனோம். பெங்காலியும் இங்கிலீஷுமாகப் பேசுவார். வேறு என்னென்ன வந்தது என்று கேட்டார். அப்பா அன்றைக்கு எதற்கும் இருக்கட்டும் என்று மூன்றையும் பையில் வைத்திருந்தார். பெருமையாக எடுத்து நீட்டினார். டாக்டர் நாடாக்களை அவிழ்த்தார். காது, நெஞ்சு, கட்டி எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, தேதிவாரியாகக் கட்டில் மேல் பரப்பினார்.

"ஏளா, பாத்தியா? எல்லாத்தையும் கலைச்சுப் போடுதாங்க!" என்று அம்மாவிடம் பதறினார் அப்பா.

"நீங்க சித்த சும்மா இருங்க" என்றாள் அம்மா.

காகிதங்கள் கட்டிலின் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை போயின. டாக்டர் விரலை வைத்துக்கொண்டே நடந்தார். நோய் இல்லாத ஒரு முழு மாதம் கூட அதில் இல்லை. காது வேறு நெஞ்சு வேறு இல்லையாம். எதிர்த்து நிற்கும் சக்தி இந்தக் குழந்தையின் ரத்தத்திலேயே இல்லை போலிருக்கிறது, சோதித்துப் பார்க்கவேண்டும் என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஐந்து வருஷமாக எங்கள் வீட்டு அலமாரியில்தானே இருந்தது அத்தனையும்!

"நாந்தானே பிரிச்சுப் பிரிச்சு வச்சேன்" என்றார் அப்பா.

சோதனையும் அதையே சொன்னது. மாதம் ஒரு ஊசி. எத்தனையோ பேர் கொடுத்த ரத்தத்திலிருந்து அவர்களுடைய எதிர்ப்புச் சக்தியை மட்டும் பிரித்தெடுத்த மருந்து அது என்று டாக்டர் விளக்கினார். திரும்பும் டிராமில் நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். இந்த வெற்றிலை போட்ட தாத்தாவா? அந்தக் குடைக்காரரா? முகம் தெரியாத யார் யாரோ கூடி என் தங்கைக்காகச் சண்டை போடப் போகிறார்கள் என்றால் பிரமிக்காமல் என்ன செய்வது? இன்றுவரை அந்தப் பிரமிப்பு தீரவில்லை.

சில சமயம் மருந்து கிடைக்காமல் அப்பா பம்பாய்க்கெல்லாம் தந்தி அடிப்பார். ஆனாலும் காது காய்ந்தது. ஒரு வருஷம் தாமதமாக மல்லிகா ஒன்றாம் வகுப்புக்குப் போனாள். பிறகு கல்லூரி, சால்ட் லேக்கில் ஒரு பள்ளியில் வேலை.

அந்தக் குவார்ட்டர்ஸ் இப்போது இல்லை. டாக்டரின் அறை இருந்த இடத்தில் செல்போன் கடை. மல்லிகாவும் இல்லை, முப்பத்தொன்றாம் வயதில், ஒரு மார்கழியில், நெஞ்சுச் சளி அவளைக் கொண்டுபோய்விட்டது. ஒன்றாம் வகுப்புக்காவது போவாளா என்று அழுத அம்மா, மல்லிகா முதல் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்த புடவையைக் கட்டிக்கொண்டுதான் அவளை வழியனுப்பினாள்.