நாளைக்கு எத்தனை காப்பி?

கிரேன்காரர் தன் நிழலையே இரண்டு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு நம்புகிறவர். வீட்டைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். கட்டட வேலையில் இருபத்திரண்டு வருடம்; முப்பது மாடி உயரத்துக் கூண்டில் உட்கார்ந்து இரும்புக் கம்பிக் கட்டுகளைத் தூக்கி இறக்குவார். துணைக்கு ஒரு பெரிய ஃபிளாஸ்க். ஒரு நாளைக்கு எட்டுக் காப்பி.

அந்த வருட உடல் பரிசோதனைப் படிவத்தில் புதிதாக இரண்டு கேள்விகள் முளைத்திருந்தன. ஒரு நாளைக்கு எத்தனை காப்பி? நிறுத்தப் பார்த்து முடியாமல் போனதுண்டா?

"இன்னைக்குக் கேள்வி, நாளைக்குக் காப்பிப் பழக்கமே மனநோய்ம்பாங்க. அதுக்கு மறுநாள் என் கூண்டுல வேற ஒருத்தன்," என்றார் மனைவியிடம்.

"மடியில கனம் இருந்தாத்தாங்க வழியில பயம். எட்டுன்னு எழுதிட்டுப் போங்களேன்."

"நீ யார் கட்சி?"

'இரண்டு' என்று எழுதினார். எழுதியதோடு விட்டாரா? ரத்தத்தில் கண்டுபிடித்துவிட்டால் என்ன செய்வது என்று, பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பே காப்பியை அடியோடு நிறுத்தினார். தலை வெடித்தது. கூண்டுக்குள் கண் செருகியது. பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்த்தார்.

பரிசோதனை அறையில், விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். போன வருடம் எல்லாரையும் முந்தியவர் இந்தத் தரம் ஒவ்வொரு முறையும் பிந்தினார். டாக்டரம்மா படிவத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், தன் ஃபிளாஸ்கிலிருந்து ஒரு கோப்பை ஊற்றி நீட்டினார்.

தூண்டில் புழு, வேறென்ன? ஆனாலும் வாசனை வந்ததும் கை தானாக நீண்டுவிட்டது. அரை மணி கழித்து மறுபடி அழுத்தச் சொன்னார். விரல் பறந்தது.

"உண்மையைச் சொல்லுங்க, எத்தனை?"

"எட்டு," என்றார். வெட்கமாக இருந்தது. "இது நோயா டாக்டர்?"

"அதுல எங்களுக்குள்ளேயே இன்னும் சண்டை தீரல. நானே அஞ்சு குடிக்கிறேன். எட்டுக்காக யாரும் உங்க கூண்டைப் பறிக்க மாட்டாங்க. இதுக்கு முன்னாடி எப்ப குடிச்சீங்க?"

"மூணு நாள் ஆச்சு."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. "இந்த மூணு நாளும் லீவுதானே?"

மூன்று நாளும் கம்பிக் கட்டுகள் ஆட்களின் தலைக்கு மேலேதான் போய் வந்தன. கீழே ஒருவர்கூட சந்தேகப்பட்டு நிமிர்ந்து பார்க்கவில்லை.