பூச்சியம் வாங்கிய ஜோடி

தொலைக்காட்சிக் கலையகத்தின் நடுவில் இரண்டு சிவப்புக் கதிரைகளை முதுகோடு முதுகு ஒட்டிப் போட்டிருந்தார்கள். ஒன்றில் சித்தி, மற்றதில் சித்தப்பா. இருவர் மடியிலும் ஒரு சின்ன வெள்ளைப் பலகை. நிகழ்ச்சி நடத்துநர் கேள்வி கேட்டதும் இருவரும் விடையை எழுதித் தூக்கிக் காட்ட வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் மணி அடிக்கும், கூரையில் விளக்குகள் சுழலும். இல்லாவிட்டால் வாத்து கத்துவதுபோல ஒரு சத்தம் வரும். பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு அன்று முழுக்க வாத்துச் சத்தம்தான் கேட்டது.

அந்த நிகழ்ச்சிக்கு இப்போது இருபதாம் ஆண்டு நிறைவாம். ஒரு வாரமாகத் தொலைக்காட்சியில் விளம்பரம் போகிறது. முதல் நிகழ்ச்சி, நூறாவது நிகழ்ச்சி, அதிகப் புள்ளி எடுத்த தம்பதி என்று பழைய காட்சிகளை ஒட்டிக் காட்டுகிறார்கள். நடத்துநர்கள் மூன்று பேர் மாறிவிட்டார்கள், அரங்கமும் மாறிவிட்டது. ஐந்தாம் ஆண்டு விழாவிலிருந்து மட்டும் ஒரு காட்சியும் இல்லை. அந்த விழாவைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக எண்ணம்.

சித்தி என் அம்மாவின் தங்கை. இருவரும் கண்டிக்குத் தெற்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். சித்தப்பாவுக்குக் கட்டுகஸ்தோட்டைக் கடைவீதியில் மின்சாதனக் கடை. விசிறி, இஸ்திரிப் பெட்டி, வானொலி என்று தொடங்கி, பிறகு தொலைக்காட்சிப் பெட்டிகளும் விற்றார். எங்கள் வீடு நாவலப்பிட்டியில். கண்டியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்ததும், அங்கிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோவது கஷ்டம் என்று சித்தி என்னைத் தன் வீட்டிலேயே தங்கச் சொல்லிவிட்டார். அவர்களுக்கு இரண்டு மகன்கள், இருவரும் அப்போது பள்ளிக்கூடத்தில். நான் போன பிறகு அந்த வீட்டில் சித்திக்குப் பேச்சுத்துணை கிடைத்தது.

கணவன் மனைவி பொருத்தம் பார்க்கும் அந்தப் போட்டி தொடங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கடைக்குச் சாமான் போடும் கொழும்பு வியாபாரி ஒருவர் சொல்லித்தான் சித்தப்பா போகச் சம்மதித்தார். கடைக்கு விளம்பரமாக இருக்கும் என்ற எண்ணம். சித்திக்குப் பெரிய ஆர்வமில்லை. ஆனாலும் அலுமாரியிலிருந்து கல்யாணத்துக்குக் கட்டிய கூறைக்கு அடுத்த நல்ல சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டார். நாங்கள் மூவரும் காலை ரயிலில் கொழும்புக்குப் போனோம்.

மனைவிக்குப் பிடித்த நிறம், கணவன் கடைசியாக அழுதது எப்போது, மாமியார் வைத்த கறியில் எது பிடிக்கும் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார்கள். ஒன்றுகூடப் பொருந்தவில்லை. சித்தப்பா முதலில் சிரித்துச் சமாளித்தார், பிறகு கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசிக்கு முந்திய கேள்வி, சின்ன வயதில் உங்கள் மனைவி என்னவாக வர ஆசைப்பட்டார் என்பது. சித்தப்பா யோசிக்கவே இல்லை. ‘ஒன்றுமில்லை’ என்று எழுதித் தூக்கினார். சித்தியின் பலகையில் ‘நர்ஸ்’ என்று இருந்தது. அரங்கம் அதிரச் சிரித்தது.

நடத்துநர் நல்ல மனிதர்தான், ஆளைச் சிரிக்கவைப்பது அவர் தொழில். கணவர்தான் நர்ஸ் ஆகவிடாமல் தடுத்துவிட்டாரா என்று சித்தியிடம் கேட்டார். சித்தி சாதாரணமாகத்தான் சொன்னார்.

“இவர் வர்றதுக்கு முன்னாடிங்க அது. படிச்சேன், பாஸ் பண்ணினேன். ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலை பழக ஆள் எடுக்கிறாங்கன்னு விசாரிக்கப் போனா, இலங்கைப் பிரஜையான்னு கேட்டாங்க. தோட்டத்து ஆளுங்க நிறையப் பேருக்கு அப்ப பிரஜாவுரிமை கொடுக்கல, நாங்க எந்த நாட்டுக்காரங்களும் இல்ல. திரும்பி வந்துட்டேன்.”

சிரிப்பு பொசுக்கென்று அடங்கிவிட்டது. முன்வரிசையில் ஒருவர் இருமியது கேட்டது. நடத்துநர் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார், பிறகு குரலை உயர்த்தி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அதிலும் வாத்துதான் கத்தியது. ஒரு ஜோடி பூச்சியம் வாங்குவது இதுவே முதல் தடவை என்று சொல்லி ஆறுதல் பரிசாக ஒரு ரைஸ் குக்கர் கொடுத்தார்கள். திரும்பி வரும்போது சித்தப்பா ரயில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தார். சித்தி கொண்டுபோன தோசையைப் பிரித்து எங்களுக்குக் கொடுத்தார்.

ஒளிபரப்பான அன்று கடையில் இருந்த எல்லாப் பெட்டிகளிலும் அதே அலைவரிசை. எதிர்க்கடை முஸ்லிம் நானா, பேக்கரிக்காரர், பஸ்ஸுக்கு நின்றவர்கள் என்று வாசல் நிறைந்துவிட்டது. ‘நர்ஸ்’ என்ற பலகை வந்தது, சிரிப்பு வந்தது, உடனே அடுத்த கேள்வி வந்தது. நடுவில் சித்தி பேசியதைக் காணோம். வெட்டியது தெரியாத அளவுக்குச் சுத்தமாக வெட்டியிருந்தார்கள். நான் சித்தியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கல்லாவுக்குப் பின்னால் நின்று கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு கடைவீதியில் சித்தப்பாவுக்குப் புதுப் பெயர் வந்தது. நர்ஸை இங்கே ‘மிஸ்ஸி’ என்போம். சிங்கள வியாபாரிகள் அவரை ‘மிஸ்ஸி மஹத்தயா’ என்று கூப்பிடத் தொடங்கினார்கள், அதாவது நர்ஸம்மாவின் கணவர். கேலிதான், கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அவருக்கு அது உறைத்தது. ஒருநாள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

“ஏன் என்கிட்ட ஒரு நாளும் சொல்லல?”

“நீங்க கேட்கவே இல்லையே” என்றார் சித்தி.

கோபமாகச் சொல்லவில்லை. ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னார். ஊர் சிரித்ததைப் பற்றித்தான் சித்தப்பா வருத்தப்படுகிறார் என்று நான் நினைத்தேன். சித்தியும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்.

அடுத்த வருடம் கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி உதவித் தாதிகளைச் சேர்த்துப் பயிற்சி கொடுக்கப்போவதாக என் அலுவலகத்துத் தோழி சொன்னாள். நான் வீட்டில் சும்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். மறுநாள் சித்தி தானே பஸ் ஏறிப் போய் விசாரித்துவிட்டு வந்து, சேரப்போவதாகச் சித்தப்பாவிடம் சொன்னார். அனுமதி கேட்கிற குரல் அதில் இல்லை. சித்தப்பாவுக்குப் பிடிக்கவில்லை. நாற்பதை நெருங்குகிற வயதில் சின்னப் பிள்ளைகளோடு போய் உட்காருவதா, கடைக்குச் சாப்பாடு யார் அனுப்புவது, ஊர் இன்னும் சிரிக்காதா என்றெல்லாம் கேட்டார். சித்தி அப்படியும் பயிற்சியில் சேர்ந்துவிட்டார்.

முதல் சில வாரம் வீடு இறுகிப்போய்க் கிடந்தது. சித்தப்பா மத்தியானம் கடையிலிருந்து வந்து, ஆறுதல் பரிசாகக் கிடைத்த குக்கரில் தானே சோறு வைத்தார். ஒருநாள் களியாக இருக்கும், ஒருநாள் அரிசியாகவே இருக்கும். மகன்கள் குறை சொல்லாமல் சாப்பிட்டார்கள். பிறகு ஒரு விடியற்காலை, மழை. சித்தி குடையோடு வாசலில் இறங்கும்போது சித்தப்பா மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்து நிறுத்தினார். ஏறு என்றுகூடச் சொல்லவில்லை, பின்னிருக்கையைக் கையால் துடைத்துவிட்டார். அன்றிலிருந்து காலை டியூட்டி வருகிற நாளெல்லாம் மகாவலிப் பாலத்துப் பனியைத் தாண்டி அவர்தான் கொண்டுபோய் விட்டார். பயிற்சி முடிந்து சித்திக்கு அங்கேயே வேலையும் கிடைத்தது. வார்டில் எல்லோரும் அவரை மிஸ்ஸி என்றே கூப்பிட்டார்கள். கடைவீதிக் கேலிப்பெயர் எப்போது உண்மைப்பெயர் ஆனது என்று யாருக்கும் தெரியாது.

நிகழ்ச்சியின் ஐந்தாம் ஆண்டு விழாவுக்குக் கடைக்கு ஃபோன் வந்தது. அதிகப் புள்ளி எடுத்த ஜோடியையும் பூச்சியம் வாங்கிய ஜோடியையும் ஒன்றாகக் கூப்பிடுகிறார்கள், ஞாயிறு மத்தியானம் நேரடி ஒளிபரப்பு. சித்தி வரமாட்டேன் என்றார். அன்று டியூட்டி என்றார். வேறு ஆளோடு மாற்றிக்கொள்ள முடியும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். சித்தப்பா, தான் மட்டும் போய்வருவதாகச் சொன்னார்.

“தனியாப் போய் என்ன செய்யப் போறீங்க? சிரிக்கத்தானே கூப்பிடுறாங்க” என்று சித்தி கேட்டார்.

“சிரிக்கட்டும்” என்றார் சித்தப்பா.

அந்த ஞாயிறு, சித்தப்பா காலையில் குக்கரில் வைத்துவிட்டுப் போன சோற்றைச் சித்திக்கு எடுத்துக்கொண்டு நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வெளிநோயாளர் காத்திருக்கும் கூடத்தில் உயரத்தில் ஒரு தொலைக்காட்சி இருந்தது. காவலாளியிடம் சொல்லி அலைவரிசையை மாற்றினேன். சித்தி வார்டை விட்டு வரமாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். சித்தப்பாவின் முறை வந்தபோது பார்த்தால், கதவருகே சித்தி கையில் மருந்துத் தட்டோடு நிற்கிறார்.

பழைய காட்சியை ஓடவிட்டார்கள். ‘ஒன்றுமில்லை’, ‘நர்ஸ்’, சிரிப்பு. கொழும்பு அரங்கமும் சிரித்தது, கூடத்தில் இரண்டொருவரும் சிரித்தார்கள். சித்தப்பா பக்கத்தில் வெறும் கதிரையோடு உட்கார்ந்திருந்தார். புது நடத்துநர், மனைவி எங்கே சார், கோபித்துக்கொண்டாரா என்று கேட்டார்.

“டியூட்டியில இருக்கா. இப்ப நர்ஸ் வேலை பார்க்கிறா.”

கைதட்டல் எழுந்தது. நடத்துநர் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்குப் போகப் பார்த்தார். சித்தப்பா மைக்கை விடவில்லை.

“கொஞ்சம் இருங்க தம்பி. அன்னைக்கு அவ இன்னொன்னும் சொன்னா. நீங்க காட்டல. அவளுக்குப் படிப்பு இருந்துச்சு, ஆசை இருந்துச்சு, பிரஜாவுரிமைதான் இல்ல. இந்த மண்ணுல பொறந்தவ. எங்கப்பாவுக்கு அது முந்தியே கிடைச்சதால எனக்கு அந்தக் கஷ்டமே தெரியாது. தெரிஞ்சுக்கவும் நான் நினைக்கல. அதைச் சொல்லத்தான் வந்தேன். அந்தப் பூச்சியம் என்னோடது, அவளோடது இல்ல.”

நேரடி ஒளிபரப்பு. வெட்டுவதற்கு வழியில்லை. அரங்கத்தில் யாரும் கைதட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. நடத்துநர் தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். பிறகு சவர்க்கார விளம்பரம் வந்துவிட்டது. கூடத்தில், மடியில் காய்ச்சல் பிள்ளையோடு உட்கார்ந்திருந்த தோட்டத்துப் பெண் ஒருவர், திரையில் பேசியவர் யார் என்று தெரியாமலே, “எங்க அக்காவுக்கும் இதேதாங்க” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

சித்தி தட்டைப் பிடித்தபடி அந்த விளம்பரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வார்டுப் பக்கம் மணி அடித்தது. அவர் நகரவில்லை. மறுபடி அடித்தது.

“அன்னைக்கு நான் சொன்னது அவருக்குக் கேட்டிருக்கு” என்றார் என்னிடம். பிறகு உள்ளே போய்விட்டார்.

டியூட்டி முடிந்ததும் வீட்டுக்குத்தான் போவோம் என்று நான் பஸ் நிலையத்தை நோக்கி நடந்தேன். சித்தி ரயில் நிலையத்துப் பக்கம் திரும்பினார். வழக்கமாக உடை மாற்றாமல் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டமாட்டார். அன்று வெள்ளை உடையோடேயே ரயில் மேடையில் நின்றார். கொழும்பு ரயில் தாமதம், இருட்டிவிட்டது. தெரிந்தவர்கள் சிலர் நின்று விசாரித்தார்கள், வீட்டுக்காரர் வருகிறார் என்று எல்லோரிடமும் சொன்னார்.

சித்தப்பா கடைசிப் பெட்டியிலிருந்து இறங்கினார். எங்களைக் கண்டதும் நடை தயங்கியது. சித்தி திட்டப்போகிறார் என்று நினைத்திருப்பார்.

“சாப்பிட்டியா?” என்று கேட்டார்.

“இல்ல. நீங்க வரட்டும்னு இருந்தேன்” என்றார் சித்தி.

அவர் கையிலிருந்த பையைச் சித்தி வாங்கிக்கொண்டார். இருவரும் கூட்டத்தோடு முன்னால் போக, நான் பின்னால் நடந்தேன். அவர்கள் அதைப்பற்றிப் பேசவில்லை. அன்று காலை அரிசி எத்தனை கப் போட்டார், எவ்வளவு தண்ணீர் ஊற்றினார் என்று சித்தி கேட்டுக்கொண்டே போனார், சித்தப்பா ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டே போனார்.