கீழ் கோத்தகிரிக்கு இரண்டு கார்கள்

ஞாயிறு காலை 5.40. கோவை கணபதியில் எங்கள் வீட்டு வாசலில் இரண்டு கார்கள் புறப்படத் தயாராக நின்றன. ஒன்று என்னுடையது: ஏழு வருடப் பழைய பெட்ரோல் கார், ஐந்து கியர். மற்றது அக்கா வாங்கிப் பதினொரு நாளே ஆன மின்சாரக் கார். கீழ் கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மின் பராமரிப்பு பார்க்கும் சித்தப்பா, மதியச் சாப்பாட்டுக்கு எங்களை அழைத்திருந்தார். அக்கா, அப்பா, நான் என்று மூன்றே பேர். ஒரு கார் போதும். இரண்டையும் கொண்டுபோகலாம் என்றது நான்தான். ஒரே மேட்டில் இரண்டின் முடுக்கத்தையும், அதாவது நின்ற இடத்திலிருந்து எவ்வளவு விரைவில் வேகம் பிடிக்கின்றன என்பதையும், அளந்து பார்க்க வேண்டும் என்று காரணம் சொன்னேன்.

அப்பா கையில் எலுமிச்சம்பழத்தோடு வந்தார். மலைப்பாதை அவர் வயிற்றுக்கு ஆகாது. பழத்தை நகத்தால் கீறி முகர்ந்துகொண்டு, ஏழு வருடமாக என் பக்கத்து இருக்கையில்தான் மலை ஏறுகிறார். அன்று என் காரைச் சுற்றிக்கொண்டு போய் அக்காவின் கார்க் கதவைத் திறந்தார்.

“புது வண்டி அம்மிணி. பெரியவ ஆசையா வாங்கியிருக்கறா” என்றார் என்னிடம்.

“போங்கப்பா. நான் பின்னாலயே வர்றேன்.”

அந்தக் காரைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். பீளமேட்டில் ஒரு மோட்டார் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். அக்கா யோசனை கேட்டபோது, ஐந்து கார்களைப் பதினான்கு அம்சங்களில் ஒப்பிட்டு அட்டவணை போட்டுக் கொடுத்தேன். முதலாவதாக வந்ததை அவள் மறுபேச்சின்றி வாங்கிவிட்டாள். நான் ஆசைப்பட்ட காரை அவளுக்குத் தேடிக் கொடுத்திருக்கிறேன் என்பது, அது வாசலில் வந்து நின்ற அன்றுதான் எனக்கு உறைத்தது.

6.50. மேட்டுப்பாளையம், 36 கிலோமீட்டர். சீசன் மாதம் என்பதால் ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி. கல்லாறு சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்பினார்கள். அதற்கு மேல் குன்னூர் வரை பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள்.

மலையில் முடுக்கம் என்பது பந்தயம் அல்ல. வளைவில் ஊர்ந்து திரும்பி, மேட்டில் மறுபடி வேகம் எடுப்பது, அவ்வளவுதான். நான் இரண்டாம் கியருக்கு இறக்கி, கிளட்சை விட்டு, எஞ்சின் முனகி முடிப்பதற்குள் அக்காவின் வெள்ளைக் கார் அடுத்த திருப்பத்தில் மறைந்துவிடும். சத்தமே கிடையாது. மூன்றாவது வளைவுவரை அதன் அழகைப் பார்த்தேன். அதற்குப் பிறகு சாலையை மட்டும் பார்த்தேன்.

7.50. பர்லியார். தேநீர் 15 ரூபாய், பத்துப் பலாச்சுளை 50 ரூபாய். பழக்கடை அம்மா வெள்ளைக் காரை எட்டிப் பார்த்தார்.

“ஏனுங்க, அது ஓட்டிட்டு வந்ததுங்களா, உருட்டிட்டு வந்ததுங்களா? சத்தமே காணோம்.”

“ஓட்டிட்டு வந்ததுதானுங்க.”

“உங்குளுது வர்றது அந்த வளைவுலயே கேட்டுப்போச்சுங்க” என்று சிரித்தார். அக்காவும் சிரித்தாள். அப்பா மட்டும் சுளையைத் தொடவில்லை. முகம் வெளுத்திருந்தது.

குன்னூர் போய்ச் சேர்வதற்குள் அக்காவின் கார் இரண்டு முறை ஓரமாக நின்றது. இரண்டு முறையும் அப்பா குனிந்து வாந்தி எடுத்தார். அக்கா முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். “வண்டி ஒண்ணும் பண்ணல கண்ணு. காலைல தின்ன இட்லி சேரல” என்று அவர் அவளுக்குச் சமாதானம் சொன்னார். என் காரில் அவர் ஒரு முறைகூட வாந்தி எடுத்ததில்லை. அதை நினைத்தபோது எனக்கு ஒரு திருப்தி இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

11.20. கீழ் கோத்தகிரி. தொழிற்சாலை வாசலிலிருந்து கொழுந்து எடை போடும் கொட்டகை வரை 180 மீட்டர் நேரான மேடு. ஞாயிறு என்பதால் டிராக்டர்கள் இல்லை. சித்தப்பா மேல் முனையில் நின்று வழியைப் பார்த்துக்கொண்டார். ஓட்டுபவர் ஒருவரே, வேறு ஆள் இல்லை, ஏசி இல்லை, டயர் காற்று சரிபார்த்தது. வேகமானியைக் கைபேசியில் படம் பிடித்து நேரம் கணக்கிட்டேன். பூஜ்யத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர் வேகத்தை எட்ட என் கார் எடுத்துக்கொண்டது 5.6, 5.4, 5.5 வினாடி.

“ஏம்மா, கொழுந்து லோடு ஏத்துன டிராக்டராட்டம் வருது?” என்றார் சித்தப்பா.

“இந்த உயரத்துல காத்து கம்மி சித்தப்பா. எஞ்சின் மூச்சு வாங்குது.”

“அது மூச்சு வாங்குதா, நீ வாங்கறயா?”

பிறகு அக்காவின் கார்: 3.3, 3.3, 3.4. மோட்டாருக்குக் காற்று வேண்டாம். மிதித்த நொடியிலேயே முழு விசையும் வந்துவிடும். யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளியது போலிருந்தது. மூன்று ஓட்டம் போதும். நான் ஐந்து ஓடினேன்.

நாற்பதைத் தொட்டதும் காலை எடுத்தேன். தலை முன்னால் போனது. காலை எடுத்தாலே இந்தக் கார் தன்னைத் தானே பிடித்துக்கொண்டு, அந்த வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரியில் சேர்க்கும். அந்தப் பிடிக்கு மூன்று அளவுகள் உண்டு, திரையில் மாற்றிக்கொள்ளலாம். கடையிலிருந்து வந்தபடியே அது மூன்றில், உச்ச அளவில், இருந்தது. ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் அக்கா காலை எடுத்திருக்கிறாள். அப்பாவின் தலை முன்னால் போய் வந்திருக்கிறது. வாந்திக்கு இட்லி காரணமல்ல.

மூன்றை ஒன்றாக்க, திரையில் இரண்டு தொடுதல் போதும். நான் தொடவில்லை. காரைப் பூட்டிச் சாவியை அக்காவிடம் கொடுத்தேன்.

3.15. புறப்பாடு. அப்பா என் கார்க் கதவைத் திறந்தார். “நான் சின்னவகூட வர்றேன்.”

“சரிங்கப்பா” என்றாள் அக்கா. அவருக்காகத் தன் காரில் போட்டிருந்த தலையணையை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர் இறக்கம். ஏழு வருடத்தில் நான் அவ்வளவு பதமாக ஓட்டியதில்லை. அப்பா மடியில் பழத்தை வைத்துக்கொண்டு தூங்கிப்போனார். என் பிரேக்கிலிருந்து தீய்ந்த வாடை வந்ததுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

5.05. மேட்டுப்பாளையம், தேநீர்க் கடை. அப்பா கை கழுவப் போயிருந்தார்.

“கோத்தகிரியில சார்ஜ் அம்பத்தொண்ணு. இப்ப அம்பத்தெட்டு. இறங்குனதுல ஏறியிருக்குது” என்றாள் அக்கா. குரலில் சந்தோஷம் இல்லை. “உன்ற டேபிள்ல எல்லாம் சரியாத்தான் இருக்குது. எனக்குத்தான் ஓட்டத் தெரியல போல. அப்பா இனி இதுல ஏறவே மாட்டாரு.”

என் அட்டவணையில் பக்கத்தில் உட்காருபவருக்கு ஒரு வரிகூட இல்லை. அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

“சாவியக் குடு” என்றேன். இரண்டு தொடுதல். “நீ ஓட்டுறதுல தப்பில்லக்கா. இந்த அளவுதான் அதிகம். இப்பக் கொறச்சுட்டேன்.”

“எப்பக் கண்டுபுடிச்ச?”

“பதினொன்னரைக்கு.”

அவள் தேநீரைக் கீழே வைத்தாள். “காலைலயேவா?”

“ஆமா.”

“நல்லா வருவ நீ” என்றாள். பிறகு எழுந்துபோய் அப்பாவை அழைத்தாள். “காரமடை வரைக்கும் வாங்கப்பா. ஒத்துக்கலைன்னா இவ வண்டிக்கு மாறிக்கலாம்.”

அப்பா என்னைப் பார்த்தார். “போய்ப் பாருங்கப்பா, இப்ப ஒண்ணும் பண்ணாது” என்றேன்.

காரமடையில் வெள்ளைக் கார் நிற்கவில்லை. பெரியநாயக்கன்பாளையத்திலும் நிற்கவில்லை. துடியலூர் சிக்னலில் அவர்களுக்குப் பின்னால் போய் நின்றேன். முன்னால் அப்பா கையை ஆட்டி ஆட்டி அக்காவிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என் பக்கத்து இருக்கையில் அவருடைய எலுமிச்சம்பழம், நகக்கீறலோடு.

பச்சை விழுந்தது. அவர்கள் போய்விட்டார்கள். நான் முதல் கியர் போட்டுக் கிளட்சை விட்டேன். பழம் மெதுவாக உருண்டு, இருக்கையின் முதுகில் போய் முட்டி நின்றது.